கையேட்டுக்கான குறிப்புகள்: முதிரையடிக்குளம்

பதினெட்டாம் திகதிக்கு முன் அனுப்பச் சொல்கிறது
கச்சேரிக் கடிதம்.
நிலம், விளைச்சல், சனத்தொகை, கால்நடை.
ஸ்கூட்டிக்குப் பெற்றோல் என்னுடைய காசு.

நிலப்பரப்பில் நீர்நிலையைக் கழிக்க வேண்டும்.
மார்கழியில் வான் பாயும் குளம்
நாகேசுவின் பட்டிக் கட்டை வரை வந்து நக்கும்.
ஆவணியில் அலைகரை பாளம் பாளமாய் வெடிக்க
பெடியள் பந்தடிப்பார்கள்,
இரண்டு ஆமை ஓடுகளுக்கு நடுவே கோல்.
எந்த மாதத்துக் குளத்தைக் கழிப்பது?
போன வருட எண்ணையே எழுதினேன்.
அதை எழுதியவரும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

காட்டின் எல்லைக் கட்டை
மலையாண்டியின் கச்சானுக்குள் நிற்கிறது.
புதுக் கட்டை, பெயின்ற் இன்னும் கையில் ஒட்டுகிறது.
"கட்டை வர்றதுக்கு முந்தியே நாங்க வந்துட்டோம் மிஸ்.
எழுபத்தேழு. அப்பா தோள்ல நான்,
அம்மா தலையில ஒரு றங்குப் பெட்டி."
பயிர் நிலமா, ஒதுக்குக் காடா?
இரண்டு கட்டத்திலும் எழுதினால்
மாவட்டம் ஒன்றரை ஏக்கர் வளரும்.
பென்சிலால் எழுதினேன்.
ஒரு பை பச்சைக் கச்சான் கட்டித் தந்தார்.
அரச உத்தியோகத்தர் அன்பளிப்பு வாங்கக்கூடாது.
ஒபீசில் அவித்துத் தின்றோம்.

காலபோகத்துக்கு முழு வயல்.
சிறுபோகத்துக்குத் துருசடியில் தண்ணீர் எத்தனை அடியென்று பார்த்து
கமக்காரர் கூட்டத்தில் பங்கு பிரிப்பார்கள்.
இந்த முறை ஏக்கருக்குக் கால்.
வெட்டுமெசின் வயலில் நிற்கும்போதே
தராசோடு லொறி வந்துவிடும்.
சபையின் களஞ்சியம் திறக்க இன்னும் மூன்று கிழமை.
ஈர நெல்லுக்கும் லீசிங்குக்கும் காத்திருக்கத் தெரியாது.
விலைக் கட்டத்தில் அரசு சொன்ன விலையைப் போடும்படி
அடிக்குறிப்பு சொல்கிறது.
போட்டேன்.

ஏனைய வருமானம்.
செவ்வாய்க்கிழமைகளில் காட்டுக்குப் பாலைப்பழம் பொறுக்கப் போகும்
பெண்களின் தொகை கூடுகிறது,
பழமில்லாத மாதங்களிலும்.
செவ்வாய்தான் கடன் கொம்பனிப் பெடியன்
கொப்பியோடு வரும் நாள்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவரே வதிபவர்.
பத்மலோசினியின் மகள் ஆடைத் தொழிற்சாலை விடுதியில்.
பொங்கலுக்கு வருவாள், சித்திரைக்கு வருவாள்.
"இஞ்சை எழுதாட்டி அங்கை எழுதுவாங்களோ?"
எனக்குத் தெரியவில்லை.
மாலுக்குள் அவளுடைய சைக்கிள்,
செயினுக்குப் புது எண்ணெய்.
எழுதினேன்.

கடைசித் தாளுக்கு நாகேசுவின் பட்டி.
எண்ணிக்கொண்டே போய் இருநூற்றுப் பதினொன்றில் தடக்கினேன்.
கிழப்பசு. வலத் தொடையில் சுட்ட குறி:
க. இ.
"இது ஆற்றை?"
"அந்த வருசம் காட்டுக்குள்ள நிண்டு, பிறகு தானா வந்து சேந்தது.
குறியைச் சொல்லி ஆரும் கேட்டா குடுக்கவேணுமெல்லோ.
அதாலை கண்டுகளையும் விக்கேல்லை."
"எத்தினை கண்டு?"
"கண்டின்ரை கண்டோடை முப்பது வரும்."
ஏதோ அரிசிக் கடன் சொல்வதுபோல் சொன்னார்.

திரும்பி வந்து பழைய இடாப்பைப் புரட்டினேன்.
க. இ. மூன்று பேர்.
கந்தையா இராசநாயகம்.
கதிரித்தம்பி இலட்சுமணன்.
கணபதிப்பிள்ளை இரத்தினேஸ்வரி.
மூன்று பெயரின் மேலும் சிவப்புக் கோடு,
யாரோ அடிமட்டம் வைத்துக் கீறியது, நேராக.

பதினேழாம் திகதி இரவு நாகேசு போன் அடித்தார்.
"மிஸ், அந்த முப்பதையும் என்ரை பேரிலை போட்டுடாதையுங்கோ."

கணினி வெறுங்கட்டத்தை ஏற்காது.
உரிமையாளர் பெயர் தருக, என்று
சிவப்பில் சிமிட்டிக்கொண்டிருந்தது.
க. இ. என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.